எட்டு ட்ராக்கும் நிரம்பியாச்சு... அப்பத்தா குரலை என்ன செய்வது?

காரைக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி நீளமாக எழுதியிருக்கிறார். அவருடைய மாமியாருக்கு 79 வயது. தாலாட்டு, நலுங்குப் பாட்டு, கும்மிப் பாட்டு என்று எதையும் நோட்டில் எழுதி வைக்காமல் மனசிலேயே வைத்திருப்பவர். கல்லூரியில் படிக்கிற பேரன், செகண்ட் ஹேண்டில் கிடைத்த எட்டு ட்ராக் டிஜிட்டல் ரெக்கார்டர் ஒன்றை வாங்கி வந்து, அப்பத்தாவைப் பாட வைத்துப் பதிவு செய்திருக்கிறான். முதல் ட்ராக்கில் அப்பத்தா. இரண்டில் அவருடைய தங்கை. மூன்றில் ஆர்மோனியம், நான்கில் டோலக், ஐந்திலும் ஆறிலும் வீட்டுப் பெண்கள் கூடவே பாடியது, ஏழில் புல்லாங்குழல், எட்டில் கீபோர்டு. அத்தோடு எட்டும் நிரம்பிவிட்டது. இப்போது வயலின் வாசிக்கிற நண்பன் ஒருவன் வருகிறேன் என்கிறான். எல்லாவற்றையும் பவுன்ஸ் செய்து இரண்டு ட்ராக்கில் அடக்கிவிட்டு, பழையதை அழித்துவிட்டால் ஆறு ட்ராக் காலியாகிவிடும் என்பது பேரனின் திட்டம்.

வாசகியின் கவலை வேறு. மாமியாருக்கு இப்போது நாலு வரி பாடினாலே மூச்சு வாங்குகிறது. இன்னொரு தடவை பாடச் சொல்ல மனசு வரவில்லை. அழித்த பிறகு ஏதாவது சரியில்லை என்று தெரிந்தால் என்ன செய்வது?

நியாயமான கவலை. பையனிடம் சொல்லுங்கள், பவுன்ஸ் செய்யலாம், ஆனால் எதையும் அழிக்க வேண்டாம். அப்பத்தாவின் குரலைப் பவுன்ஸுக்குள் கொண்டுபோகவே வேண்டாம். ஏன் என்பதைத்தான் இந்த வாரம் பார்க்கப்போகிறோம். ரெக்கார்டர் பக்கமே போகாதவர்களும் படிக்கலாம். உங்கள் வீட்டிலும் ஓர் அப்பத்தாவோ ஆச்சியோ இருப்பார், கையில் செல்போனும் இருக்கிறது.

மாவு அரைத்த பிறகு...

ட்ராக் என்றால் ஒரு தனி டப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். குரலுக்கு ஒன்று, டோலக்குக்கு ஒன்று. தனித்தனியாக இருக்கிறவரை எதை வேண்டுமானாலும் கூட்டலாம், குறைக்கலாம், ஒன்றை மட்டும் தூக்கிவிட்டு வேறு வாசிக்கலாம். டப்பாக்கள் தீர்ந்துபோனால், நான்கைந்து டப்பாவில் இருப்பதை ஒன்றாகக் கலந்து ஒரே டப்பாவில் கொட்டிவிட்டு, காலியானதில் புதிதாகப் போடலாம். அந்தக் கொட்டுகிற வேலைக்குத்தான் பவுன்ஸ் என்று பெயர்.

இட்லிக்கு அரைக்கிற வீட்டுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. அரிசியும் உளுந்தும் தனித்தனிப் பாத்திரத்தில் இருக்கிறவரை எல்லாம் நம் கையில். கரைத்துக் கலந்தபின் உளுந்து ஒரு கை கூடிவிட்டது என்று தெரிந்தால், இன்னும் கொஞ்சம் அரிசி மாவைச் சேர்த்துச் சமாளிக்கலாமே தவிர, உளுந்தை வெளியே எடுக்க முடியாது. டோலக்கும் ஆர்மோனியமும் கலந்த ட்ராக்கில் டோலக் மட்டும் அதிகம் என்று பிறகு தோன்றினால், இதே கதைதான்.

இந்தத் தொல்லை இன்று வந்ததல்ல. அமெரிக்க கிட்டார் கலைஞர் லெஸ் பால், டேப் ரெக்கார்டரில் கூடுதலாக ஒரு ஹெட் பொருத்தி, முன்பு வாசித்ததைக் கேட்டுக்கொண்டே புதிதாக வாசிப்பதையும் அதோடு சேர்த்து அதே டேப்பில் பதிந்தார். மனைவி மேரி ஃபோர்டின் ஒரே குரல் ஒரு கூட்டமே பாடுவதுபோலக் கேட்டது. 1951ல் அவர்களுடைய பாட்டு அமெரிக்காவில் பெரிய வெற்றி. ஆனால் அந்த முறையில் ஓர் ஆபத்து இருந்தது. புதியது பதியும்போதே பழையது அழிந்துவிடும். பத்தாவது அடுக்கில் ஒரு ஸ்வரம் பிசகினால், முதல் அடுக்கிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான். முதலில் பதிந்த பகுதி ஒவ்வொரு நகலிலும் மங்கிக்கொண்டே வரும் என்பதால், முக்கியம் குறைந்த வாத்தியத்தை முதலில் வாசித்து, குரலைக் கடைசியில் சேர்ப்பார்கள்.

1967ல் லண்டனில் பீட்டில்ஸ் குழு 'சார்ஜன்ட் பெப்பர்ஸ்' ஆல்பத்தைச் செய்தபோது அவர்களிடம் இருந்ததும் நான்கு ட்ராக் டேப் மெஷின்கள்தான். நான்கும் நிரம்பியதும், அதை இன்னொரு மெஷினில் ஒன்று அல்லது இரண்டு ட்ராக்காகக் கலந்து இறக்கி, மிச்ச ட்ராக்குகளில் மேலே கட்டிக்கொண்டு போனார்கள். அந்த ஆல்பத்தின் கடைசிப் பாட்டுக்கு 40 பேர் கொண்ட ஆர்கெஸ்ட்ரா வந்து வாசித்தது. அதற்காக இரண்டு நான்கு ட்ராக் மெஷின்களைச் சேர்த்து ஓட்டினார்கள். கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவர்கள் முதல் டேப்பை அழிக்கவில்லை, எடுத்து அலமாரியில் வைத்தார்கள். பல வருஷம் கழித்து அந்தப் பாட்டுகளைப் புதிதாகக் கலந்து வெளியிட முடிந்ததற்கு அந்த அலமாரிதான் காரணம்.

டிஜிட்டல்தானே, என்ன கெட்டுவிடும்?

டேப் காலத்தில் ஒவ்வொரு பவுன்ஸுக்கும் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் கூடும், மேல்ஸ்தாயி மழுங்கும். டிஜிட்டலில் அது கிடையாது. எண்களை எண்களோடு கூட்டுகிற கணக்கு மட்டுமே. அதனால்தான் நிறையப் பேர் அசட்டையாக இருக்கிறார்கள். இரைச்சல் போய்விட்டது, உண்மை. உளுந்துப் பிரச்னை அப்படியே இருக்கிறது. எந்த அளவில் கலந்தீர்களோ அந்த அளவு அதோடு உறைந்துவிடும்.

டிஜிட்டலுக்கென்றே ஒரு புது வம்பும் உண்டு. இங்கே ஒலி அளவுக்கு உச்சவரம்பு ஒன்று, அதற்குப் பெயர் 0 டெசிபல். மீட்டரில் கடைசியாக எரியும் சிவப்பு விளக்கு அதுதான். அதைத் தாண்டி எண் கிடையாது, தாண்ட முயல்கிற ஒலியின் தலையைச் சீவிவிடும். டேப்பில் கொஞ்சம் மீறினால் குரல் சற்றுக் கரகரப்பாகும், சிலருக்கு அது பிடிக்கவும் செய்யும். டிஜிட்டலில் மீறினால் 'டக் டக்' என்ற வெடிப்புதான்.

தனித்தனியாகப் பச்சையில் இருந்த ட்ராக்குகள் கலக்கும்போது எப்படிச் சிவப்புக்குப் போகின்றன? ஒரே அளவில் ஒலிக்கும் வெவ்வேறு குரல்கள் இரண்டு சேர்ந்தால் சராசரியாக 3 டெசிபல் கூடும். நான்கு சேர்ந்தால் 6, எட்டு சேர்ந்தால் 9. எனவே பவுன்ஸுக்கு முன் எல்லா ஃபேடரையும் ஒரே அளவில் கீழே இழுங்கள். பாட்டிலேயே சத்தம் அதிகமான இடத்தை ஓடவிட்டு மீட்டரைப் பாருங்கள். உச்சம் மைனஸ் 6ஐ ஒட்டி நின்றால் நிம்மதியாக இருக்கலாம். ஹெட்போன் வால்யூமைத் திருகுவதால் பதிவின் அளவு மாறாது. உங்கள் காதில் விழுவது மட்டும்தான் மாறும். காதுக்குச் சின்னதாகக் கேட்கிறது என்று ஃபேடரை ஏற்றுகிறவர்கள் ஏராளம்.

சரி, பேரன் என்ன செய்ய வேண்டும்?

முதல் வேலை நகல். அந்தப் பாட்டை அப்படியே இன்னொரு பெயரில் பிரதி எடுக்க ஏறக்குறைய எல்லா ரெக்கார்டரிலும் வசதி இருக்கும். அது மட்டும் போதாது, எஸ்டி கார்டிலிருந்து கம்ப்யூட்டருக்கும் ஒரு பிரதி போகட்டும். அதற்குப் பிறகுதான் பவுன்ஸ் பட்டனில் கை வைக்க வேண்டும், அதுவும் பிரதியில்.

இடம் போதாது என்பான் பையன். கணக்குப் போடுவோம். சிடி தரத்தில் ஒரு விநாடிக்கு 44,100 எண்கள், ஒவ்வொன்றும் 2 பைட். ஒரு ட்ராக், ஒரு நிமிஷம், சுமார் 5.3 எம்பி. நாலு நிமிஷப் பாட்டு எட்டு ட்ராக்கோடு 170 எம்பி வரும். கல்யாண வீட்டு வீடியோ ஒன்று இதைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொண்டு உங்கள் போனில் கிடக்கும். 32 ஜிபி கார்டில் இப்படி 180க்கும் மேற்பட்ட பாட்டுகளை வைக்கலாம். பழைய கருவி சிறிய கார்டைத்தான் ஏற்கும் என்றால், கம்ப்யூட்டரில் சேர்த்துவிட்டுக் கார்டைக் காலி செய்யலாம்.

இன்னொன்று, அந்தக் கருவியில் விர்ச்சுவல் ட்ராக் வசதி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். 1996ல் வந்த ரோலண்ட் விஎஸ்-880 மாதிரி எட்டு ட்ராக் ரெக்கார்டர்களிலேயே, ஒவ்வொரு ட்ராக்குக்கும் கீழே பல அடுக்குகள் இருந்தன. ஒரு சமயத்தில் ஓர் அடுக்குதான் ஒலிக்கும், மற்றவை பத்திரமாகத் தூங்கும். அப்படி இருந்தால் பவுன்ஸை வேறோர் அடுக்கில் இறக்கலாம். பழையதைத் தொடவே வேண்டாம்.

எதை எதோடு சேர்ப்பது என்பதில்தான் புத்தி வேண்டும். அப்பத்தா ட்ராக் தனியாக நிற்கட்டும். தங்கையுடையதும் தனியாகவே. மிச்சம் ஆறையும் இரண்டு ட்ராக்காக, இடம் வலம் பிரித்து ஸ்டீரியோவாகப் பவுன்ஸ் செய்தால், மொத்தம் நான்கு ட்ராக்தான் செலவு. வயலினுக்கு நான்கு காலி. ஒரு வயலினுக்கு அது தாராளம். ஒரே ட்ராக்கில் அடக்கினால் இடம் வலம் என்ற வித்தியாசம் போய்விடும், அவசியமில்லாமல் அப்படிச் செய்ய வேண்டாம்.

எக்கோ, ரிவெர்ப் எல்லாம் பவுன்ஸில் சேரவேண்டாம். கடைசியில் மொத்தமாகக் கலக்கும்போது சேர்க்கலாம், தண்ணீர் மாதிரி அது. சேர்ப்பது சுலபம், வடிப்பது கஷ்டம். தாளத்துக்காக ஓடவிட்ட மெட்ரோனோமை நிறுத்தியாச்சா என்று ஒரு தடவை, சோலோ பட்டன் எதுவும் அமுங்கிக் கிடக்கவில்லையே என்று ஒரு தடவை பார்க்கவும். பல கருவிகளில் சோலோ அமுங்கியிருந்தால் அந்த ஒன்று மட்டும்தான் பவுன்ஸாகும்.

பவுன்ஸ் ஓடும்போது பையன் டீ குடிக்கப் போகக்கூடாது. நாலு நிமிஷப் பாட்டுக்குப் பெரும்பாலான கருவிகள் நாலு நிமிஷம் எடுத்துக்கொள்ளும். அந்த நாலு நிமிஷமும் ஹெட்போனில் கேட்க வேண்டும். முடிந்ததும் பழைய ஆறையும் புதிய இரண்டையும் சேர்த்து ஒருமுறை ஓடவிடலாம். வெறுமனே சத்தம் கூடினால் எல்லாம் சரி. குழாய்க்குள் பாடுவது போலவோ, நிழல் போல ஒரு எதிரொலி ஒட்டிக்கொண்டோ கேட்டால், புதியது பழையதோடு மில்லி விநாடி அளவில் பொருந்தவில்லை என்று அர்த்தம். அப்படியிருந்தால் அதன்மேல் வயலினைக் கட்ட வேண்டாம்.

சரியாக வந்திருக்கிறதா என்ற தீர்ப்பையும் அன்றிரவே சொல்ல வேண்டாம். இரண்டு மணி நேரம் கேட்ட காதுக்கு எல்லாம் ஒன்றுதான். மறுநாள் காலையில், வால்யூமை நன்றாகக் குறைத்து, பக்கத்து அறையில் யாரோ பாடுகிற அளவில் வைத்துக் கேளுங்கள். அந்தச் சின்னச் சத்தத்திலும் அப்பத்தாவின் வார்த்தைகள் புரிந்தால் கலவை சரி. டோலக் மட்டும் கேட்டால் திரும்பவும் செய்ய வேண்டும். அழிக்காமல் வைத்திருப்பதால் திரும்பச் செய்ய முடியும்.

காதில் கேட்பதும் கருவியில் பதிவதும்

வயலின்காரர் வந்து வாசிக்கும்போது முன்பு பதிந்ததை அவர் கேட்க வேண்டும், தன் வயலினையும் கேட்க வேண்டும். இதை மானிட்டர் செய்வது என்கிறார்கள். ஒரு காலத்தில் சினிமாப் பாட்டுக்குப் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே கூடத்தில் ஒன்றாக இருந்து பாடி வாசித்தார்கள். ஒருவருக்கொருவர் காற்றிலேயே கேட்டுக்கொண்டார்கள். தனித்தனியாகப் பதிகிற காலம் வந்ததும் அந்தக் காற்றின் வேலையை ஹெட்போன் எடுத்துக்கொண்டது.

ரூமில் ஸ்பீக்கர் போட்டுக்கொண்டு வாசிக்கக்கூடாது. ஸ்பீக்கரில் வருகிற அப்பத்தா குரலையும் வயலின் மைக் பிடித்துவிடும். பிறகு வயலினைக் கூட்டினால் அவர் குரலும் கூடவே எழும், லேசாகத் தாமதித்து. காதை முழுசாக மூடுகிற ஹெட்போன்தான் இதற்குச் சரி. நுரை வைத்த திறந்த மாடலிலிருந்து சத்தம் கசியும்.

வயசானவர்களுக்கு ஹெட்போன் மாட்டினால் வேறு சிக்கல். இரண்டு காதையும் அடைத்தால் அவர்களுக்குத் தங்கள் குரலே அந்நியமாகிவிடும், சுருதி ஆடும். ஒரு காதில் மட்டும் வையுங்கள். இன்னொரு பக்கக் கிண்ணத்தைக் காதுக்குப் பின்னால் எலும்போடு ஒட்டி அழுத்தி வைத்தால் மைக்குக்குள் கசியாது. ஹெட்போனுக்குப் போகிற ஒலியை அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் திருப்ப முடிந்தால் இன்னும் நல்லது. பாடுகிறவருக்குத் தன் குரல் மிகச் சத்தமாகக் கேட்டால் அடக்கிப் பாடுவார், கேட்கவே இல்லையென்றால் கத்துவார். இரண்டுக்கும் நடுவில் அவருக்கு எது சௌகரியமோ அது. கொஞ்சம் எக்கோ இருந்தால் உற்சாகமாகப் பாடுவார் என்றால், காதுக்கு மட்டும் கொடுங்கள், பதிவுக்குப் போகாமல். அப்படிப் பிரிக்கிற வசதி நிறைய ரெக்கார்டர்களில் உண்டு.

அடுத்தது தாமதம். மைக்கில் நுழைந்த குரல் எண்ணாகி, கணக்காகி, மறுபடி ஒலியாகி ஹெட்போனுக்கு வரச் சில மில்லி விநாடி ஆகும். காற்றில் ஒலி ஒரு மில்லி விநாடியில் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். 6 மில்லி விநாடித் தாமதம் என்றால் பக்கவாத்தியக்காரர் இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பது போல. கச்சேரி மேடையில் அது சகஜம், யாருக்கும் தெரியாது. தனி ரெக்கார்டர்களில் பொதுவாக இதற்குள் அடங்கிவிடும்.

ப்ளூடூத் ஹெட்போன் மாட்டினால் கதை கந்தல். தாமதம் 200 மில்லி விநாடி வரைகூடப் போகும். கணக்குப்படி 68 மீட்டர். நீங்கள் தெப்பக்குளத்தின் இந்தக் கரையில் பாட, தாளக்காரர் அந்தக் கரையில் தட்டுகிறார். பாட்டு கேட்க, சினிமா பார்க்க ப்ளூடூத் அருமை. அதை மாட்டிக்கொண்டு கூடப் பாடிப் பதிவு செய்ய மட்டும் ஆகவே ஆகாது. எத்தனை நல்ல பாடகராக இருந்தாலும் தாளம் தப்பும், பழியும் அவர் மேலேயே விழும்.

கேட்காமலே ஒரு கருத்து

அந்த வீட்டுப் பிள்ளைக்கு என்மேல் கோபம் வந்தாலும் பரவாயில்லை. ஒரு தாலாட்டுக்கு எட்டு ட்ராக் நிறையவே அதிகம். கீபோர்டு எதற்கு? 1982 ஜனவரியில் அமெரிக்கப் பாடகர் ப்ரூஸ் ஸ்ப்ரிங்ஸ்டீன், வீட்டு அறையில் உட்கார்ந்து, நான்கு ட்ராக் கேசட் ரெக்கார்டரில் கிட்டாரும் குரலுமாகச் சில பாட்டுகளைப் பதிந்தார். தன் குழுவுக்குப் போட்டுக் காட்டுவதற்கான மாதிரி அது. பிறகு ஸ்டுடியோவில் குழுவோடு வாசித்துப் பார்த்தார்கள், அந்த அறையில் இருந்த ஏதோ ஒன்று வரவில்லை. கடைசியில் கேசட்டில் இருந்ததையே 'நெப்ராஸ்கா' என்ற ஆல்பமாக வெளியிட்டார். இன்றும் அதைக் கொண்டாடுகிறார்கள்.

எனவே வயலினும் வரட்டும், பவுன்ஸும் நடக்கட்டும். அதோடு முதல் ட்ராக்கை மட்டும் தனியாக, எந்த வாத்தியமும் இல்லாமல், ஒரு ஃபைலாக எடுத்து வையுங்கள். நடுவே இருமியது, வரி மறந்து தங்கையைக் கேட்டது, மூச்சு வாங்க நிறுத்தியது எல்லாம் அதில் இருக்கட்டும். வெட்ட வேண்டாம். ஃபைலுக்குக் கருவி கொடுத்த நம்பரை அப்படியே விட்டுவிடாமல், பாடியவர் பெயர், பாட்டின் முதல் வார்த்தை, தேதி மூன்றையும் சேர்த்துப் பெயரிடுங்கள். பத்து வருஷம் கழித்துத் தேடுகிறவர்களுக்கு 'ட்ராக் 01' என்றால் ஒன்றும் விளங்காது. ஒரு பிரதி உங்களிடம், ஒன்று வெளியூரில் இருக்கிற நாத்தனாரிடம்.

ரெக்கார்டர் இல்லாதவர்கள் என்ன செய்வது என்று வேறு சிலரும் கேட்டிருக்கிறீர்கள். போனிலேயே பல ட்ராக் பதிகிற ஆப்கள் இருக்கின்றன, ஐபோனில் கராஜ்பேண்ட் அப்படி ஒன்று. மேலே சொன்ன எல்லாம் அதற்கும் பொருந்தும். போனை ஃப்ளைட் மோடில் போட்டுவிடுங்கள், நல்ல வரி வரும்போதுதான் யாராவது கூப்பிடுவார்கள். ஃபேனை நிறுத்துங்கள், ஃப்ரிட்ஜ் இருக்கிற அறை வேண்டாம். பாடுகிறவர் வாய்க்கு நேராகப் பிடிக்காமல் ஓரடி தள்ளி, கொஞ்சம் ஓரமாக வையுங்கள். ஒயர் வைத்த பழைய இயர்போன் ஏதாவது மேஜை டிராயரில் சுருண்டு கிடக்கும், அதை எடுத்துச் சிக்கு எடுங்கள். போனில் அதைச் செருக ஓட்டை இல்லையென்றால் அதற்கு ஒரு சின்ன அடாப்டர் செல்போன் கடையில் கிடைக்கும்.